மான்செஸ்டர் குளிரில் மகளின் பெரியோக் கெரா: குடுவையெல்லாம் காய்கிறது, என்ன செய்யலாம்?

ஆயர்ஈத்தாம்_அம்மா | 3 டிசம்பர், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். செப்டம்பரில் அங்கே ஒரு செடிக் கடையில் நம்ம ஊர் பெரியோக் கெரா, அதாவது பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி, தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் அவளுடைய தாத்தா பினாங்குக் கொடிமலைக்கு நடத்திக் கூட்டிப்போகும்போது பாதை ஓரத்துக் குடுவையைக் காட்டி, "விரல் விடாதே, உள்ளே எறும்பு குளிக்கிறது" என்பார். அந்த ஞாபகத்தில் கையிலிருந்த காசைப் போட்டு வாங்கிவிட்டாள். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அதனால் அவளுக்கு அது வெறும் செடி இல்லை, எனக்கும்தான்.

வாங்கும்போது ஏழு குடுவை. இப்போது இரண்டுதான் பச்சை. மற்றதெல்லாம் மூடியில் ஆரம்பித்துக் கீழாகக் காய்ந்துகொண்டே வருகிறது. அங்கே போன பிறகு வந்த மூன்று இலையிலும் குடுவை வரவில்லை. இலை நுனியில் கம்பி நீள்கிறது, முனை கறுத்து அப்படியே நின்றுவிடுகிறது.

ஜன்னல் ஓர மேசையில் வைத்திருக்கிறாள். ஜன்னலுக்கு நேர் கீழே ஹீட்டர். காலையிலும் மாலையிலும் ஓடும், ராத்திரி நின்றுவிடும். தினமும் காலையில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஒரு கப் ஊற்றுகிறாள். மண் மாற்றட்டுமா, உரம் போடட்டுமா என்று கேட்கிறாள். நேற்று போனில் பேசும்போது அழுதுவிட்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுங்கைபூலோ_தம்பி | 3 டிசம்பர், இரவு 10:15

அக்கா, இரண்டே கேள்வி. நடுவில் இருக்கும் குருத்து பச்சையாக, கெட்டியாக இருக்கிறதா? சட்டியில் பெயர்ச்சீட்டு ஏதாவது செருகியிருக்கிறதா?

குருத்து பச்சை என்றால் செடி சாகவில்லை. குடுவை காய்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குடுவைக்குச் சில மாதம்தான் ஆயுசு, நம்ம காட்டில் இருந்தாலும் அப்படித்தான் மூடியிலிருந்து காயும். புதுசு வராததுதான் பிரச்சினை. அதுவரைக்கும் மண்ணைத் தொட வேண்டாம், உரமும் வேண்டாம்.

பட்டர்வொர்த்_மணியம் | 4 டிசம்பர், காலை 7:05

நான் படித்த வரைக்கும் குடுவைச் செடிகள் குளிர்காலத்தில் தூங்க வேண்டும். மூன்று நான்கு மாதம் ஐந்து, ஆறு டிகிரியில் வைத்துத் தண்ணீரைக் குறைத்தால் வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கும். மேலே காய்வது அதற்கான அறிகுறிதான். சூடில்லாத அறை ஒன்றில் வைத்துவிடச் சொல்லுங்கள். என்னிடம் இருந்த சரசீனியா என்ற குடுவைச் செடி இரண்டு வருடத்தில் செத்தது, அதற்குத் தூக்கம் கிடைக்காததுதான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தத் தவறு இந்தப் பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கொடிமலை_நடையர் | 4 டிசம்பர், காலை 8:30

மணியம் சொன்னது சரசீனியாவுக்கு முழுக்க முழுக்கச் சரி. ஆனால் அம்மாவின் மகள் வைத்திருப்பது அது இல்லை. தயவுசெய்து குளிர் அறையில் வைக்க வேண்டாம்.

குடுவை என்று ஒரே பெயரில் இரண்டு வேறு குடும்பங்களைச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் வருகிறது. சரசீனியா வட அமெரிக்காவின் சதுப்பு நிலச் செடி. அதன் இலையே குழலாகச் சுருண்டு தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். பனிக்காலம் வந்து போகும் ஊரில் பிறந்ததால் அதற்கு ஓய்வு உடம்போடு வந்தது. இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃபிளைட்ராப்பும் அப்படியே. நம்முடையது நெப்பந்தஸ். இலை ஒரு சாதாரண இலை, அதன் நடு நரம்பு நுனியைத் தாண்டி ஒரு கம்பியாக ஓடி, அந்தக் கம்பியின் முனைதான் ஊதிக் குடுவையாகிறது. இது பிறந்த இடத்தில் வருடம் முழுக்க ஒரே பகல். பினாங்கில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் நீளத்தில் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தூங்க வேண்டிய அவசியமே இதற்கு ஏற்பட்டதில்லை. குளிரில் வைத்தால் தூங்காது, நோகும்.

மேல் மலைப் பாதையில் கற்களுக்கு இடையில் நான் வாரம் தவறாமல் பார்ப்பது ஆல்போமார்ஜினாட்டா என்ற நெப்பந்தஸ் வகை. குடுவை வாய்க்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று சுற்றி ஓடும். கறையான் கூட்டம் அந்த வெள்ளையைத் தின்ன வந்து, நெரிசலில் வழுக்கி உள்ளே விழும். தாத்தா காட்டியது அதுவாகத்தான் இருக்கும். சில நாள் பட்டை முழுதும் கடித்துத் தின்னப்பட்டு, குடுவையின் பாதி வரைக்கும் கறையான் நிரம்பிக் கிடக்கும். ஒரே ராத்திரியில் நடந்திருக்கும்.

இன்னொன்றும் மகளிடம் சொல்லுங்கள், தைரியமாக இருக்கும். இந்தச் செடிகள் இங்கிலாந்துக் குளிரைத் தாண்டுவது புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே நம் பக்கத்துக் காடுகளிலிருந்து கண்ணாடிப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். லண்டன் செல்சியாவில் வீச் குடும்பத்து நர்சரி இவற்றைக் கரி எரித்துச் சூடாக்கிய கண்ணாடி வீடுகளில் வளர்த்தது. 1862இல் அந்தக் குடும்பத்திடம் வேலை பார்த்த ஜான் டோமினி என்பவர் இரண்டு நெப்பந்தஸ்களைக் கலந்து புதுச் செடி உண்டாக்கினார். மின்விளக்கு இல்லாத காலம் அது.

ஆயர்ஈத்தாம்_அம்மா | 4 டிசம்பர், இரவு 8:50

தம்பி, குருத்து பச்சையாக இருக்கிறது, படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். சீட்டில் 'வென்ட்ராட்டா' என்று இருக்கிறதாம். நடையர் சார், நீங்கள் எழுதியதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். வெள்ளைப் பட்டை இருந்தது ஞாபகம் இருக்கிறதாம். மணியம் அண்ணே, அக்கறையோடு சொன்னதற்கு நன்றி, தப்பாக நினைக்கவில்லை.

சுங்கைபூலோ_தம்பி | 4 டிசம்பர், இரவு 9:10

வென்ட்ராட்டா என்றால் நல்ல செய்தி அக்கா. பிலிப்பீன்ஸ் செடிகள் இரண்டின் கலப்பு அது. ஐரோப்பாவில் கடைக்குக் கடை தொங்குவது பெரும்பாலும் இதுதான், இருப்பதிலேயே முரட்டுச் செடி. ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கினாலும் தாங்கும். இதே இடத்தில் ஆம்புல்லாரியாவோ பைகல்கராட்டாவோ இருந்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும். அவை நம்ம தாழ்நிலத்துச் சதுப்புக்காட்டுச் செடிகள், 18க்குக் கீழே போனாலே சுணங்கும், சூடாக்கிய மீன்தொட்டி மாதிரி ஏதாவது வேண்டும்.

மழைத்தண்ணீர் | 5 டிசம்பர், மதியம் 1:20

நான் பங்சாரில் இருக்கிறேன். திருமணமான புதிதில் இங்கிலாந்தின் லீட்ஸில் ஆறு குளிர்காலம் இருந்தேன், இதே வென்ட்ராட்டாவோடு. முதல் குளிரில் என் செடியும் அப்படியே மொட்டையாக நின்றது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அக்கா பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளிச்சம். எல்லாரும் குளிரைப் பார்த்துப் பயப்படுவார்கள். நானும் செடிக்குப் போர்வை போர்த்தாத குறையாகத்தான் இருந்தேன். ஆனால் அறைக்குள் இருக்கும் வென்ட்ராட்டாவைக் குளிர் அவ்வளவாக வாட்டாது, இருட்டுதான் வாட்டும். டிசம்பரில் மான்செஸ்டரில் பகல் ஏழரை மணி நேரம். அதிலும் சூரியன் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டாது, பாதி நாள் மேகம். நம் கண் அந்த மங்கலுக்குப் பழகிக்கொள்ளும், "வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். செடிக்கு அது அரைவயிற்றுச் சாப்பாடு கூட இல்லை. குடுவை என்பது செடிக்கு மேல்செலவு. வயிற்றுக்கே இல்லாதபோது அது குடுவை கட்டாது, இலையை மட்டும் விடும். கம்பி முனை கறுத்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். இலையைப் பார்த்தாலே தெரியும்: கரும்பச்சையாக, நீளமாக, துவண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. போதுமான வெளிச்சத்தில் இலை கொஞ்சம் வெளிறி, விறைப்பாக, ஓரத்தில் லேசான செம்மையோடு இருக்கும்.

ஒரு வெள்ளை எல்இடி விளக்கு வாங்கச் சொல்லுங்கள். ஊதா வெளிச்சம் வீசும் விசேஷ விளக்கெல்லாம் வேண்டாம், படிக்கும் அறையில் கண் வலிக்கும். 20 வாட் வெள்ளை விளக்கு, செடிக்கு மேல் ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரத்தில், தினமும் 13 மணி நேரம். ஒரு டைமரில் போட்டுவிட்டால் மறக்காது. கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு எட்டு யூனிட் மின்சாரம்கூட வராது, வீட்டுக்காரர் கேட்டால் சொல்லலாம்.

அப்புறம் அந்த ஜன்னல். பகலில் அது நல்ல இடம், ராத்திரியில் மோசமான இடம். கண்ணாடியை ஒட்டிய காற்று அறையின் நடுவைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். கீழேயோ ஹீட்டர். ஒரே நாளில் காலை வறுவல், ராத்திரி உறைச்சல். என் செடியில் ஜன்னல் பக்கம் இருந்த இலைகள் மட்டும் கண்ணாடியில் ஒட்டிப் பழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். விளக்கு வந்துவிட்டால் ஜன்னலே தேவையில்லை. ஹீட்டரிலிருந்து நன்றாகத் தள்ளி, உள்சுவர் ஓரமாக ஒரு அலமாரியில் வைக்கலாம்.

மூன்றாவது ஈரப்பதம். வெளியே மழை கொட்டினாலும் ஹீட்டர் ஓடும் அறைக்குள் காற்று 30, 35 சதவீதத்துக்குக் காய்ந்துவிடும். நம் வீட்டுக் காற்று சாதாரணமாகவே 80க்குப் பக்கம். குடுவை ஊத 50, 60ஆவது வேண்டும். கையால் தண்ணீர் தெளிப்பது பத்து நிமிடம்கூட நிற்காது, மனத்திருப்திக்கு மட்டும்தான். கூழாங்கல் தட்டும் கொஞ்சம்தான் உதவும். எனக்குக் கைகொடுத்தது துணி அடுக்கும் பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி. அதை நிமிர்த்தி வைத்து, அடியில் ஈரக் கல் போட்டு, மேலே கவிழ்த்த தட்டின் மீது சட்டி. மூடியை முழுக்க மூடக் கூடாது, இரண்டு விரல் இடைவெளி. தினமும் ஒரு முறை திறந்து காற்றாட விட வேண்டும், இல்லையென்றால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். சிலர் குளியலறையில் வை என்பார்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் ஈரம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும்.

செந்தூல்_பால்கனி | 5 டிசம்பர், மாலை 5:45

மழைத்தண்ணீர் அக்கா ஈரப்பதம் பற்றி எழுதிய மூன்றாவது விஷயம் நம் ஏர்கான் அறைக்கும் அப்படியே பொருந்தும். செந்தூலில் 14ஆவது மாடியில் இருக்கிறேன். போன வருடம் ஒரு வென்ட்ராட்டாவை வாங்கிப் படுக்கையறையில், கண்முன் இருக்கட்டும் என்று வைத்தேன். ராத்திரி முழுக்க ஏர்கான் 23இல் ஓடும். நான்கு மாதம் இலை வந்துகொண்டே இருந்தது, ஒரு குடுவை கிடையாது. பால்கனிக்கு மாற்றி, மேலே ஐம்பது சதவீத நிழல்வலை கட்டினேன். ஏழு வாரத்தில் முதல் குடுவை. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது ஏர்கான்தான்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு செடி போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மாதத் தவணையில் பொருத்திய வடிகட்டி இருக்கிறது. "சுத்தமான தண்ணீர்" என்று விற்றவர் சொன்னதை நம்பி ஒரு வருடம் அதையே ஊற்றினேன். இலை ஓரமெல்லாம் தீய்ந்து, சட்டியில் மண்ணுக்குப் பதில் போட்ட பாசிமேல் வெள்ளையாகப் பூத்தது. பிறகு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த தாது, அளக்கும் பேனா ஒன்று வாங்கி விட்டுப் பார்த்தால் 140 பிபிஎம் (பத்து லட்சத்தில் 140 பங்கு). உடம்புக்கு நல்லதென்று அந்த வடிகட்டியே தாதுக்களைச் சேர்க்கிறது. நமக்கு நல்லது, இந்தச் செடிக்கு விஷம். 50க்குக் கீழே இருக்க வேண்டும். இப்போது மழைநீர் மட்டும்தான், இரண்டு பெரிய டப்பாவில் பிடித்து மூடி வைக்கிறேன்.

மழைத்தண்ணீர் | 5 டிசம்பர், இரவு 10:30

செந்தூல் தம்பி சொன்னது பாடம். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், கரைந்த தாது பெரும்பாலும் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மீதியில் அடர்த்தி கூடவும் செய்யும். ஆனால் அக்கா, ஒரு அதிர்ஷ்டம். மான்செஸ்டர் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி வடக்கே ஏரி மாவட்டத்திலிருந்து வருகிறது. தேர்ல்மியர் ஏரியிலிருந்து 1894இலேயே வாய்க்கால் போட்டுக் கொண்டுவந்த மென்மையான தண்ணீர். லண்டனாக இருந்திருந்தால் மூன்று மாதத்தில் சட்டி சுண்ணாம்பு பூசியிருக்கும். அதனால் இதுவரை ஊற்றியது கெடுத்திருக்காது. இனிமேல் மழைநீர் பிடிக்கட்டும், அந்த ஊரில் மழைக்கா பஞ்சம்? ஜன்னலுக்கு வெளியே ஒரு வாளி போதும். பிடித்ததை அறைக்குள் ஒரு ராத்திரி வைத்து, குளிர் போன பிறகு ஊற்ற வேண்டும். பனிபோல் ஜில்லென்று வேரில் விழக் கூடாது.

தினமும் ஒரு கப் அதிகம். இந்தச் சட்டியைத் தட்டில் தண்ணீரில் ஊற வைப்பதும் தப்பு. அது சரசீனியாவுக்கு. மேல்பாசியை விரலால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் பிதுங்கக் கூடாது. குளிர்ந்த அறையில் ஊறிய வேர் அழுகும். தூக்கிப் பார்த்து எடையில் பழகிக்கொண்டால் மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை என்று தானாகத் தெரிந்துவிடும்.

சுங்கைபூலோ_தம்பி | 6 டிசம்பர், காலை 6:50

வேர் என்றதும் ஒன்று. சந்தேகத்தில் சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இதன் வேர் பிறவியிலேயே கறுப்பு, மயிர் மாதிரி மெல்லிசு, தொட்டால் ஒடியும். அதைப் பார்த்து "அழுகிவிட்டது" என்று நல்ல செடியைக் குப்பையில் போட்டவர்கள் நர்சரிக்கு வந்து புதுசு வாங்கியிருக்கிறார்கள். சட்டி மாற்றுவது ஏப்ரலுக்குப் பிறகு இருக்கட்டும். அப்போதும் தோட்ட மண், கடையில் விற்கும் உரம் கலந்த கலவை எதுவும் ஆகாது. நீளநார்ப் பாசியும் பெர்லைட் என்ற வெள்ளைக் கல்துகளும் போதும். நம்ம ஊரில் தேங்காய்மட்டைத் துண்டு போடுவோம், உப்புப் போக நாலைந்து தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிய பிறகு.

உரத்தை மண்ணில் போடவே கூடாது. இந்தச் செடி குடுவை வைத்திருப்பதே மண்ணில் சத்தில்லாத இடத்தில் பிழைக்கத்தான். சாப்பாடு கொடுக்க ஆசையாக இருந்தால், பச்சையாக இருக்கும் அந்த இரண்டு குடுவையில் மீனுக்குப் போடும் உலர்ந்த ரத்தப்புழு நாலைந்து, மாதம் ஒரு முறை. கோழி, இறைச்சித் துண்டு வேண்டவே வேண்டாம், குடுவை அழுகி நாறும். கொடுக்காவிட்டாலும் இந்தக் குளிர்காலம் தாண்டிவிடும்.

காய்ந்த குடுவையை வெட்டலாம். பாதி பச்சையாக இருப்பதை விட்டுவிடுங்கள், அது இன்னும் வேலை செய்கிறது. குடுவை போனாலும் இலையை வெட்டக் கூடாது.

ஆயர்ஈத்தாம்_அம்மா | 7 டிசம்பர், இரவு 9:15

உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது. விளக்கு நேற்றே வாங்கிவிட்டாள். பெட்டி தோழியிடம் கிடைத்ததாம். வாளியும் வெளியே வைத்தாகிவிட்டது.

இன்னொரு கேள்வி. பிப்ரவரி கடைசியில் நான் அவளைப் பார்க்கப் போகிறேன். இங்கே நர்சரியில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) நல்ல செடி கிடைக்கிறது. பாசியில் சுற்றி, துணிப்பெட்டிக்குள் வைத்து ஒன்று கொண்டுபோகலாமா? ஒருவேளை இது போய்விட்டால் ஆறுதலாக இருக்கும் என்று பார்க்கிறேன். தங்கை, கொடிமலையிலிருந்தே ஒரு கொத்து எடுத்துப்போனால் என்ன என்கிறாள்.

கொடிமலை_நடையர் | 8 டிசம்பர், காலை 7:20

அம்மா, இரண்டுமே வேண்டாம். கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

நெப்பந்தஸ் இனம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அருகிவரும் செடி, விலங்குகள் நாடு தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் அது. கினாபாலு மலையின் ராஜா என்ற வகையும், மேகாலயாவின் காசி மலைச் செடியும் முதல் பட்டியல், அதுதான் மிகக் கடுமையானது. மற்ற எல்லாம் இரண்டாம் பட்டியல். நர்சரியில் வாங்கியதே ஆனாலும் நாடு தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். அதோடு செடிக்கு நோய் இல்லை என்ற தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். நம் மலேசியாவில் இதற்கென 2008ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. விமான நிலையத்தில் பிடித்தால் செடி அழிக்கப்படும், உங்களுக்கும் தலைவலி.

கொடிமலைச் செடியை யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 90களில் நான் நடக்கத் தொடங்கியபோது பாதை ஓரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை, இப்போது கயிறு கட்டினாலும் எட்டாத சரிவில்தான் மிச்சம். ஆளுக்கொரு கொத்து என்றுதான் போயின. அந்தத் தாத்தாவின் பேத்தி திரும்பி வரும்போது காட்ட அங்கே ஒன்று இருக்க வேண்டும்.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் செஸ்டர். அங்கே உள்ள விலங்குக் காட்சிசாலையில் நெப்பந்தஸ் செடிகளின் தேசியத் தொகுப்பு இருக்கிறது. நீங்கள் போகும்போது இருவரும் சேர்ந்து பாருங்கள். குளிர்நாட்டில் நம் செடியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தால் மகளுக்குப் பாதிச் சந்தேகம் தீரும்.

புக்கிட்ஜாலில்_செல்வி | 8 டிசம்பர், மதியம் 12:40

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், எனக்கும் ஒரு சந்தேகம். கேமரன்மலை சந்தையில் சாங்குவினியா என்ற மலை நெப்பந்தஸ் வாங்கி வந்தேன். அங்கே சிவப்பாகப் பெரிய குடுவை. இங்கே வந்து ஐந்து மாதம், இலை சின்னதாகிக்கொண்டே போகிறது. வெளிச்சம், மழைத்தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

சுங்கைபூலோ_தம்பி | 8 டிசம்பர், இரவு 8:05

செல்வி, உங்கள் பிரச்சினை அக்காவுடையதற்கு நேர் எதிர். மலைச் செடிக்கு ராத்திரிக் குளிர் வேண்டும். கேமரன்மலையின் தானா ராத்தாவில் ராத்திரி 16க்குப் பக்கம் இறங்கும், கோலாலம்பூரில் 24, 25. பகல் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், ராத்திரியும் சூடாகவே இருந்தால் ஓய்ந்துபோகும். மீன்கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் பெட்டிக்குள் செடியை வைத்து, மாலையில் உறைய வைத்த இரண்டு தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து மூடிவிடுங்கள். காலையில் எடுத்து வெளியே. என் நண்பர் மூன்று வருடமாக இப்படி மெக்ஃபார்லனி என்ற இன்னொரு மலைச் செடியை வைத்திருக்கிறார். தினசரி வேலை, யோசித்து இறங்குங்கள். இல்லையென்றால் அதை மலையில் இருக்கும் யாருக்காவது கொடுத்துவிட்டு ரஃப்லேசியானா என்ற தாழ்நிலச் செடி வளர்க்கலாம். நம்ம ஊர்ச் சூட்டில் அது ராஜா மாதிரி வளரும்.

பட்டர்வொர்த்_மணியம் | 9 டிசம்பர், காலை 7:00

நடையர் சார் சொன்ன பிறகு என் பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் எழுதி வைத்ததெல்லாம் சரசீனியாவுக்கானதுதான். அம்மாவிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், வருத்தம். என்னிடம் இப்போது ஒரு ஃபிளைட்ராப் இருக்கிறது. அதையாவது காப்பாற்ற வழி உண்டா?

மழைத்தண்ணீர் | 9 டிசம்பர், காலை 11:15

உண்டு அண்ணே. வேர்க்கிழங்கை எடுத்துக் கழுவி, ஈரப்பாசியில் லேசாகச் சுற்றி, சிப் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் காய்கறித் தட்டில் மூன்று மாதம். உறையும் பகுதியில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் முதலில் சொன்ன தூக்கம், சரியான செடிக்கு இப்படித்தான்.

ஆயர்ஈத்தாம்_அம்மா | 11 ஜனவரி, இரவு 10:00

ஒரு மாதம் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீதி இருந்த இரண்டு குடுவையும் காய்ந்துவிட்டது. இப்போது ஒன்றுகூட இல்லை. புது இலை ஒன்று வந்திருக்கிறது, ஆனால் முந்தையதைவிடச் சின்னது. தப்பாக ஏதாவது செய்கிறோமா?

மழைத்தண்ணீர் | 11 ஜனவரி, இரவு 10:25

புது இலையின் நிறம் என்ன? நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா?

ஆயர்ஈத்தாம்_அம்மா | 12 ஜனவரி, காலை 6:30

வெளிறின பச்சை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. விறைப்பாக நிற்கிறதாம்.

மழைத்தண்ணீர் | 12 ஜனவரி, காலை 8:10

அப்படியென்றால் சரியாகப் போகிறது. பழைய குடுவைகள் நர்சரிக் கண்ணாடி வீட்டில் கட்டியவை, அவற்றின் காலம் முடிந்தது. அவற்றை உயிர்ப்பிக்க முடியாது. இந்தச் சின்ன இலைதான் அந்த அறையின் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பழகி வந்த முதல் இலை. குளிரில் ஒரு இலை முழுக்க விரியவே ஒரு மாதம் ஆகும். இப்போது மட்டும் எதையும் மாற்றாதீர்கள். இடம், விளக்கு, சட்டியின் முகம்கூட. நான் முதல் குளிரில் வாரம் ஒரு இடமாக மாற்றி மாற்றியே இரண்டு மொட்டைக் கருக்கினேன்.

அப்புறம், இலையின் அடிப்பக்கத்தையும் குருத்தின் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தொட்டெடுத்தால் போதும்.

ஆயர்ஈத்தாம்_அம்மா | 22 பிப்ரவரி, இரவு 11:10

பூச்சி இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சின்ன இலையின் கம்பி நீண்டு, கீழே வளைந்து, மறுபடி மேலே நிமிர்ந்திருக்கிறது. முனை கறுக்கவில்லை. ஒரு மாதமாக அரிசி அளவில், பழுப்பு மயிரோடு அப்படியே இருந்தது. போன வாரம் தட்டையாக விரிந்து, நேற்று முதல் ஊதத் தொடங்கியிருக்கிறது. இப்போது என் சுண்டுவிரல் நுனி அளவு. மூடி இன்னும் ஒட்டியே இருக்கிறது. அங்கே பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிட்டதாம். அடுத்த வாரம் கிளம்புகிறேன். செடி எதுவும் கொண்டுபோகவில்லை, ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி மட்டும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

சுங்கைபூலோ_தம்பி | 22 பிப்ரவரி, இரவு 11:30

மூடியை விரலால் திறந்து பார்க்க ஆசை வரும் அக்கா, வேண்டாம். தானாகத்தான் திறக்க வேண்டும். உள்ளே தண்ணீரும் ஊற்ற வேண்டாம். திறக்கும் முன்பே செடி அதைச் சுரந்து வைத்திருக்கும்.

ஆயர்ஈத்தாம்_அம்மா | 9 மார்ச், மாலை 6:20

மான்செஸ்டரிலிருந்து எழுதுகிறேன். நேற்றுக் காலை எழுந்து பார்த்தபோது மூடி திறந்திருந்தது. வாய் ஓரம் முதலில் வெளிறிய பச்சை, ராத்திரிக்குள் சிவப்பு ஏறிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே அரைத் தேக்கரண்டி இருக்கும், தெளிந்த தண்ணீர், யாரும் ஊற்றாதது. மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாத்தா சொன்னதை அவளே சொன்னாள், விரல் விடாதே என்று.

சனிக்கிழமை செஸ்டருக்குப் போகிறோம், சார். காய்ந்த குடுவைகளை இன்று வெட்டிவிட்டோம், இலையை விட்டுவிட்டு. அடுத்த இலையின் கம்பியும் முனை கறுக்காமல் வளைகிறது.